படலையில் கட்டிய மூன்று குருவி

மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க எனக்கு மனமில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். போன வெள்ளிக்கிழமை நீ போட்ட படத்தில் கன்னம் இரண்டும் உப்பியிருக்கின்றன. நான் நலமாக இல்லை. உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் சோற்றுக்குள் கல் மாதிரி வாய்க்குள் நிற்கிறது, விழுங்கவும் முடியவில்லை. இதை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ எனக்கு மட்டும் எழுதவில்லையே. லண்டன் சித்தப்பாவும் கனடா மாமியும் அவர்களின் பிள்ளைகளும் இருக்கிற குடும்பக் குழுவில் எல்லோரும் பார்க்க எழுதினாய்: "அம்மாவுக்கு டிசைன் விளங்காது. எல்லாருக்கும் முன்னால என்னை அவமானப்படுத்தினவா. யசோன்ர கலியாணத்துக்கு நான் வரேல்லை." ஆகவே நானும் எல்லோரும் பார்க்கவே எழுதுகிறேன். உன் தங்கை யசோ பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அதே குழுவில் போடுவாள். வாசிக்கிறவர்கள் யாரும் அழுகிற முகமோ கைகூப்புகிற படமோ போட வேண்டாம். இது எனக்கும் என் மகனுக்கும் உள்ள சண்டை.

கலியாணத்துக்கு வரமாட்டேன் என்று எழுதிய கையோடு இன்னொரு படமும் போட்டாய். மார்கழியில் பிறக்கப் போகிற உன் பிள்ளைக்கு ஆயத்தம் செய்த அறை. வெள்ளைச் சுவர், வெள்ளைத் தொட்டில், தொட்டிலுக்கு நேர் மேலே நூலில் தொங்குகிற மூன்று கடதாசிக் குருவிகள். "என் கையால் செய்தது. டெனிஷ் டிசைன்" என்று கீழே எழுதியிருந்தாய். கனடா மாமி மூன்று இதயம் போட்டிருந்தாள், குருவிக்கு ஒன்றாக. நான் அதைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அங்கிருந்து தொடங்கினால் மற்றதெல்லாம் எழுத வராது.

சித்திரையில் நீயும் லீனாவும் வந்து இறங்கியபோது எனக்கு இருந்த சந்தோஷம் உனக்குத் தெரியாது. லீனா டென்மார்க்காரி, வெள்ளைக்காரப் பெண், இந்த வெக்கைக்குள் எப்படி இருப்பாளோ என்று நான் அவளுக்குத்தான் பயந்தேன். அவளால் ஒரு கரைச்சலும் இல்லை, உன்னிடம் பழகிய தமிழில் என்னோடு வாய் ஓயாமல் கதைத்தாள். கரைச்சல் எல்லாம் இதே தர்மபுரத்தில் பிறந்து வளர்ந்த உன்னால்தான். வந்த அடுத்த நாள் காலையிலேயே விறாந்தை நடுவில் இடுப்பில் கை வைத்து நின்றாய். "அம்மா, கண் போய் நிக்க ஒரு இடமில்லை. கண்ணுக்கு ஓய்வு வேணும்" என்றாய். கண்ணுக்கு ஓய்வு வேண்டுமென்றால் மூடிக்கொண்டு படு என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மகன் எத்தனையோ வருடத்துக்குப் பிறகு வந்திருக்கிறான் என்று வாயைப் பொத்திக்கொண்டேன். நீ கிளிப்பச்சைச் சுவருக்கு வெள்ளை அடித்தாய். அப்பா வயலுக்கு மருந்தடிக்கிற வாளியைக் கழுவி உனக்குப் பெயின்ற் கலக்கத் தந்தார். உன் அப்பாவுக்குக் கோபம் வந்தால் உதவிதான் செய்வார். அது உனக்கு இன்னும் விளங்கவில்லை.

பிறகு கழற்றத் தொடங்கினாய். மேசையிலிருந்த பிளாஸ்டிக் ரோசாப்பூ போனது. தொலைக்காட்சிக்கு மேல் நான் பின்னிப் போட்டிருந்த நூல் விரிப்புப் போனது. புடைவைக் கடைக் கலண்டர்களில் இருந்த லட்சுமியும் முருகனும் அறைக்குள் போனார்கள். "நிறையச் சாமான் இருந்தால் மனம் நெரிசல் படும் அம்மா, அங்க எல்லாரும் குறைய வைச்சிருப்பினம், ஆனால் கையால செய்ததை வைச்சிருப்பினம்" என்று பாடம் எடுத்துக்கொண்டே, குசினி வாசலில் தொங்கிய மணித் திரையையும் கழற்றினாய். கழற்றி, ஒரு வெறும் நெல்மூட்டைச் சாக்குக்குள் திணித்து, கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தாய். புழுதி பிடிக்குமாம்.

அந்தத் திரை எதனால் ஆனது என்று உன் மனைவி கேட்டாள். நீ "பழைய கடதாசி" என்றாய். டேய், அது சண்டை முடிந்து எங்களை அடைத்து வைத்த முகாமில் செய்தது. தறப்பாள் கூடாரத்துக்குள் நாங்கள் நால்வரும் கிடந்தபோது செய்தது. அந்தக் கொட்டிலில் என்ன இருந்தது சொல்லு பார்ப்போம். ஒரு பானை, ஒரு வாளி, ஒரு பாய். நீ இப்போது சொல்லுகிற மாதிரி, கண்ணுக்கு நல்ல ஓய்வு. நாலு பக்கமும் பார்த்தாலும் கண்ணில் தட்டுப்பட ஒரு சாமான் கிடையாது. வடிவான வெறுமை! ஒருவரும் வந்து "ஆகா, எவ்வளவு அமைதியான அறை" என்று எங்களைப் படம் பிடிக்கவில்லை. எனக்கு விசர் பிடிக்கும்போல இருந்தது. அப்போதுதான் பிஸ்கற் கடதாசியும் பால்மாப் பைக்கற்றும் பொறுக்கி, ஈர்க்கில் சுற்றி, கஞ்சி தடவி ஒட்டி, மணி மணியாக உருட்டினேன். நீயும் பக்கத்தில் இருந்து உருட்டினாய். அந்தத் திரையில் பாதி நீ உருட்டிய மணி. கையால் செய்ததை வைத்திருக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டு, உன் கையால் செய்ததைச் சாக்கில் கட்டினாய். நீ போன அன்றே அதை எடுத்து உதறி, அதே ஆணியில் திரும்பக் கொழுவிவிட்டேன். இப்போதும் அதற்குள்ளால்தான் குசினிக்குப் போய் வருகிறேன். ஒவ்வொரு தடவையும் அது என் தலையில் தட்டுகிறது, ஒவ்வொரு தடவையும் உன்னைத் திட்டுகிறேன்.

மெழுகுதிரிக் கதையை எழுதாமல் விட்டால் எனக்குச் சமிக்காது. சித்திரை வெயில், தகரம் போட்ட பின்பத்தியில் கோழி வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கிறது. நீ பின்னேரம் மூடின விறாந்தைக்குள் மெழுகுதிரி கொளுத்தி வைத்தாய். காற்றுக்கு அணைந்துவிடுமென்று மின்விசிறியையும் நிறுத்தினாய். எல்லோரும் கிட்டக் கிட்ட இருந்து தேத்தண்ணி குடிக்க வேண்டுமாம், அதில் ஒரு இதம் இருக்கிறதாம், அந்த நாட்டில் அதற்கென்று ஒரு சொல்லே இருக்கிறதாம். சொன்னாய், என் வாயில் நிற்கவில்லை. அப்பாவின் முதுகில் வேர்வை ஆறாக ஓடியது. முன்வீட்டு இராசம்மா வேலிப் படலையைத் திறந்து தலையை நீட்டி, "என்னக்கா, உங்கட பக்கம் கரண்ட் இல்லையோ?" என்று கேட்டாள். "கரண்ட் இருக்குப் பிள்ளை, மகன் வந்திருக்கிறார்" என்றேன். புத்திமதி சொல்லத்தானே பெற்றோர் கடிதம் எழுதுவார்கள், இதோ ஒன்று: பனி கொட்டுகிற ஊரின் இதத்தை வெக்கை கொட்டுகிற ஊருக்குக் கொண்டுவராதே. இங்கே இதம் என்றால் கதவைத் திறந்து விடுவது.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். லீனா செய்த கடதாசி இதயம் எனக்குப் பிடித்திருந்தது. சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு கடதாசி எடுத்து, கீற்றுக் கீற்றாக வெட்டி, நாங்கள் பாய் இழைக்கிற மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாக இழைத்து, மேலே ஒரு கைபிடியும் ஒட்டினாள். நத்தாருக்கு அவர்கள் கிறிஸ்மஸ் மரத்தில் கொழுவுவதாம். யசோவுக்கும் காட்டிக் கொடுத்தாள். யசோ தான் செய்ததைக் கைபிடி கீழே வரும்படி விளையாட்டுக்குத் தலைகீழாகப் பிடித்தபோது லீனா பதறிப்போய், "இல்லை இல்லை, கைபிடி மேல, உள்ளுக்கு இனிப்புப் போட வேணும், விழும்" என்றாள். அது ஒரு சின்னக் கூடையாம். நான் உள்ளே ரொபி போட்டுப் பார்த்தேன், நின்றது. ஆகவே மகனே, டென்மார்க்கிலும் எதையும் எப்படியும் தொங்கவிட முடியாது. அங்கேயும் மேல் மேல்தான், கீழ் கீழ்தான். இதை நினைவில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசி.

விசுவமடுவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தம் உறுதி செய்ய வருகிற நாள். நான் விடியவே குசினிக்குள் போய்விட்டேன். வடை ஒரு பக்கம், பயற்றம் பணியாரம் ஒரு பக்கம். படலையை யார் சோடிப்பது என்று கதை வந்தபோது, "அது என்ர வேலை, ஒருத்தரும் வரவேண்டாம்" என்று நீதான் சொன்னாய். குருத்தோலை வெட்டினாய், அதைக் கண்டு சந்தோஷப்பட்டேன். பரவாயில்லை, பிள்ளை ஊர் முறையை மறக்கவில்லை என்று அப்பாவிடம் வாய்விட்டும் சொன்னேன். படலையிலும் வேலி நெடுகவும் வெள்ளைக் கயிறு இழுத்து ஓலைக் குருவி கட்டித் தொங்கவிட்டாய். மூன்று மூன்றாக. தலை கீழே. வால் நுனியை இரண்டாகக் கிழித்து விட்டிருந்தாய். வாழை இல்லை, மாவிலை இல்லை, ஒரு நிறம் இல்லை. லீனா வந்து என்னிடம், "மாமி, தலை எந்தப் பக்கம்? நான் கேட்டால் அவர் சொல்லுறார், பரவாயில்லை எண்டு" என்று கேட்டாள். எண்ணெய்ச் சட்டியில் கண்ணாக இருந்த நான், அவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று, "அவருக்குத் தெரியும் பிள்ளை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவருக்குத் தெரிந்த இலட்சணத்தை உலகம் கண்டது. இந்தக் குழுவில் இருக்கிற வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக ஒருதரம் எழுதுகிறேன். நல்ல காரியத்துக்குக் கட்டுகிற தோரணத்தில் நாலு குருவி, தலை மேலே பார்க்கும். செத்த வீட்டுக்குக் கட்டுகிற தோரணத்தில் மூன்று குருவி, தலை கீழே பார்க்கும். வன்னியில் வீதியால் போகிற எவரும் சைக்கிளை நிறுத்தாமலே இதைப் பார்த்து, இந்த வீட்டுக்கு வாழ்த்தப் போவதா அழப் போவதா என்று தெரிந்துகொள்வார்கள்.

முதலில் இராசம்மா ஓடிவந்தாள். அப்பா முதல்நாள் பிறசருக்குக் கிளிநொச்சி ஆசுபத்திரிக்குப் போய் வந்தது அவளுக்குத் தெரியும். தலைமயிரை அவிழ்த்து, நெஞ்சிலே அடித்துக்கொண்டு, "ஐயோ என்ர அண்ணை, நேற்றும் என்னோட கதைச்சுப்போட்டுப் போனியே" என்று முற்றத்தில் விழுந்தாள். அந்த அண்ணை, உன் அப்பா, கையில் பாதி கடித்த வடையோடு வெளியே வந்து, "என்ன பிள்ளை, ஆர் செத்தது?" என்றார். அவள் அவரைக் கண்டு இன்னும் பலமாகக் கத்தினாள். சரியாக அந்த நேரம் விசுவமடு வான் வந்து படலையடியில் நின்றது. முன்சீற்றில் சம்பந்தி அம்மா, மடியில் தட்டத்தோடு. அவ தோரணத்தைப் பார்த்தா. இராசம்மாவைப் பார்த்தா. இறங்கவில்லை. ஏதோ சொன்னா, வான் பின்னுக்கு எடுத்துத் திரும்பிப் போய்விட்டது. பின்சீற்றில் இருந்த மாப்பிள்ளைப் பொடியன் கண்ணாடிக்குள்ளால் எங்களைப் பார்த்துக்கொண்டே போனதை யசோ கண்டாள். புதுச் சேலையோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

நான் ஓடிப்போய் அவ்வளவையும் பிய்த்து எறிந்தேன். உன் முகத்தில்தான் எறிந்தேன், ஓம். "ஆரைச் சாகக் குடுத்திட்டு உதைக் கட்டினனீ?" என்று ஊர் கேட்கக் கேட்டேன். தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்பார்கள். அன்றைக்கு நீ எனக்குத் தோழனும் இல்லை, ஒன்றும் இல்லை. நீ என்ன சொன்னாய் தெரியுமா? நிலத்தில் இருந்த தங்கையைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அம்மா, இது டெனிஷ் டிசைன். ஒற்றைப்படையாக் கட்டினால்தான் கண்ணுக்கு வடிவு. மூண்டு, அஞ்சு. நாலு எண்டால் விறைச்சுப்போய் நிக்கும். உங்கட மூடநம்பிக்கைக்கு நான் என்ன செய்யிறது" என்றாய். அடுத்த நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு லீனாவையும் இழுத்துக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டாய். அவள் வானுக்குள் ஏறும்போது என் கையைப் பிடித்து அழுதாள். நீ அழவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். மாப்பிள்ளைப் பொடியன் நல்லவன், கட்டினால் யசோவைத்தான் என்று நின்றான். ஆவணியில் நாள் வைத்தார்கள். ஆனால் சம்பந்தி அம்மா, கலியாணம் கிளிநொச்சியில் மண்டபத்தில் நடக்கட்டும், அந்தப் படலைக்குள்ளால் தன்னால் வர ஏலாது என்று சொல்லிவிட்டா. எங்கள் வீட்டுப் பெண் எங்கள் முற்றத்திலிருந்து போகக்கூடாது என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? பல்லைக் கடித்துக்கொண்டு ஓம் என்றோம். இப்போது நீ வரமாட்டேன் என்று எழுதியதும் யசோ புதுக் கதை தொடங்கியிருக்கிறாள். "அண்ணா வராட்டி நான் மணவறையில ஏற மாட்டன். அவரை நீங்கள் எப்பிடிக் கூப்பிடுவீங்களோ தெரியாது" என்று கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள். அண்ணனும் தங்கையும் நல்ல சோடி.

சனிக்கிழமை காலை லீனா எனக்குப் போன் எடுத்தாள், உனக்குத் தெரியாமல். தெரிந்தால் தெரியட்டும், அவளோடு சண்டைக்குப் போனாயென்றால் நான் அங்கே வந்து நிற்பேன். அவளிடம் நேரே கேட்டேன்: "பிள்ளை, உங்கட நாட்டில குருவியைத் தலைகீழாத்தான் கட்டுறதோ?" அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இல்லை மாமி. எங்கட ஆக்களும் தொட்டிலுக்கு மேல குருவி கட்டுவினம், ஆனால் பறக்கிற மாதிரி. இது அவர் செய்யிறது. ஏன் தலை கீழ எண்டு கேட்டனான். எனக்கு இப்பிடித்தான் வரும் எண்டு சொன்னார். பாக்காமலே செய்வார் மாமி. ரீவி பாத்துக்கொண்டு, கடைக் கடதாசி, பஸ் ரிக்கற், எது கையில இருந்தாலும் செய்வார். வீடு முழுக்க இருக்கு."

போனை வைத்துவிட்டு வெங்காயம் உரிக்க இருந்தேன். எனக்கு இப்படித்தான் வரும். அந்த வார்த்தை என்னைக் குத்திக்கொண்டே இருந்தது. உனக்கு வேறு எப்படி வரும்? நீ பள்ளிக்கூடம் போன கடைசி வருடங்களில் இந்த ஊரில் எத்தனை படலையில் நாலு குருவி கட்டினார்கள்? எனக்கு ஒன்றுகூட நினைவில் வரவில்லை. கலியாணம் நடந்தது, ஓம். கோயிலில் ஒரு மஞ்சள் கயிறு, நாலு பேர், ஷெல் சத்தம் கேட்க முதல் வீட்டுக்கு ஓட்டம். யார் தோரணம் கட்டினது? மூன்று குருவிக்குத்தான் ஓயாத வேலை. ஒரு வீட்டில் சாவுச் செய்தி வந்தால் பள்ளிக்கூடப் பொடியன்களைத்தான் கூப்பிடுவார்கள், பெரிய ஆம்பிளைகள் ஊரில் எங்கே இருந்தார்கள்? வாசிகசாலைப் புளியமரத்துக்குக் கீழே நீங்கள் வட்டமாக இருந்து ஓலை மடிப்பீர்கள். சில கிழமையில் நீ பாடப் புத்தகம் தொட்ட நேரத்தைவிட ஓலை தொட்ட நேரம் கூட. பிறகு முகாம். பிறகு திரும்பி வந்து இரண்டு மழைக்குள் நீ வெளிநாடு போய்விட்டாய். அதற்குப் பிறகு நடந்த கலியாணமெல்லாம் மண்டபத்தில், வாடகைத் துணியும் பிளாஸ்டிக் பூவும். ஆக, என் மகன் தன் வாழ்நாளில் நாலு குருவித் தோரணம் ஒன்றைக் கையால் தொட்டதே இல்லை. அவன் கைக்குத் தெரிந்த ஒரே சோடினை செத்த வீட்டுச் சோடினை.

இந்த இடத்தில் தாய் அழுது, மகனே என் பிழைதான், உன்னை நான்தானே ஓலை மடிக்க அனுப்பினேன் என்று எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பாய். எழுதமாட்டேன். உன்னை நான்தான் அனுப்பினேன். "போய் ஒரு கை குடுத்திட்டு வா" என்று நான்தான் ஒவ்வொரு முறையும் சொன்னேன். அனுப்பாமல் விடுகிற காலமா அது? செத்த வீட்டுக்கு ஒரு கை கொடுக்காத வீடு அன்றைக்கு ஊரில் இல்லை, இருந்திருந்தால் அந்த வீட்டை நானே மதித்திருக்கமாட்டேன். அதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன். அந்த மன்னிப்பைக் கேட்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள், அவர்கள் கடிதம் எழுதுகிற சாதி இல்லை.

என் கோபம் வேறு. நீ பொய் சொன்னாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பொய். உன் கையில் ஒட்டியிருக்கிற எங்கள் ஊர்ச் சாவை எடுத்து, அதற்கு வெள்ளை அடித்து, டென்மார்க் என்று பெயர் வைத்தாய். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். அந்த நாடு உனக்குச் சோறும் கடவுச்சீட்டும் ஒரு நல்ல பெண்ணும் தந்தது, அந்தச் சனம் தன் பிள்ளைகளுக்குப் பறக்கிற குருவி கட்டுகிற சனம். அவர்கள்மேல் ஏன் இதைப் போட்டாய்? "அம்மா, எனக்கு இது ஒண்டுதான் தெரியும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஓலையை எறிந்திருப்பேனா? இல்லை, இதெல்லாம் உனக்கே தெரியாமல் உன் கை தன்பாட்டில் செய்கிறது என்றால் அதற்கும் எனக்குக் கோபம்தான். வீடு முழுக்கத் தொங்கவிட்டுக்கொண்டு அதற்குக் கீழே இருந்து தேத்தண்ணி குடிக்கிறவனுக்கு, ஒரு நாள்கூட நிமிர்ந்து பார்த்து இது என்ன என்று கேட்கத் தோன்றவில்லையா? இப்போது அதைக் கொண்டுபோய் என் பேரப்பிள்ளையின் தொட்டிலுக்கு மேல் கட்டியிருக்கிறாய். பிறக்க முதலே அதன் தலைக்கு மேல் செத்த வீடு. இதற்காகத்தான் போனைக் கவிழ்த்து வைத்தேன். என் கோபத்துக்குப் பெயர் மூடநம்பிக்கை என்றால் இருக்கட்டும், நான் மூடச்சிதான்.

நேற்று அப்பாவோடு மோட்டார் சைக்கிளில் விசுவமடுவுக்குப் போனேன். லீனா சொன்னது முழுவதையும் சம்பந்தி அம்மாவிடம் சொன்னேன். உனக்காக மன்றாடப் போகவில்லை, என் மகன் உங்களை அவமதிக்கக் கட்டவில்லை என்பதைச் சொல்லத்தான் போனேன். அவ நெல்லுக் காயவிட்ட சாக்குப் படங்கை இழுத்து விரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தா. பிறகு சொன்னா: "நான் சகுனத்துக்குப் பயந்து வானைத் திருப்பச் சொல்லேல்லை. எனக்கு அந்தக் குருவியைத் தெரியும். வாலை ரெண்டாக் கிழிச்சுவிடுறது உங்கட பக்கத்துப் பள்ளிக்கூடப் பொடியள்தான். என்ர மூத்தவளுக்கு எங்கட படலையில கட்டினதும் அந்தப் பொடியள்தான். அதைத் திரும்பக் கண்டோடன என்னால இறங்க ஏலாமல் போச்சு." அப்பா குனிந்து படங்கின் மற்ற நுனியைப் பிடித்து இழுத்து விரித்தார். அவ்வளவு நாளும் அவவை நெஞ்சில் ஈரமில்லாத மனுசி என்று உன்னைப் போலவே நானும் ஏசிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் வெளிக்கிடும்போது அவ படலை வரைக்கும் வந்தா. "மண்டபம் வேண்டாம். கலியாணம் உங்கட வீட்டிலயே நடக்கட்டும். ஆனால் தோரணம் உங்கட மகன்தான் கட்ட வேணும். நாலு குருவி. அவன் கட்டினால் நான் அதுக்குக் கீழால வாறன். வேற ஆரும் கட்டினால் வரேல்லை" என்றா. நான் ஓம் என்றேன். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

ஆகவே நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், குழுவில் எல்லோரும் சாட்சி. தொட்டிலுக்கு மேல் இருப்பதை இதை வாசித்த கையோடு கழற்று. ஆவணிக்கு வா, லீனாவால் பயணம் செய்ய முடிந்தால் அவளையும் கூட்டிக்கொண்டு வா. வெள்ளைப் பெயின்ற் கொண்டுவராதே. நீ அடித்த வெள்ளை இப்போதே கையும் புழுதியும் பட்டு எருமைக்கன்று நிறத்தில் நிற்கிறது, கலியாணத்துக்கு முதல் நான் கிளிப்பச்சை அடித்துவிடுவேன். சாப்பாட்டு மேசைக்கு மேல் நீ தொங்கவிட்ட கடதாசி விளக்கில் அப்பா இன்னும் தலையை முட்டிக்கொண்டுதான் இருக்கிறார், அதைக் கழற்ற விடுகிறாரில்லை. நாலு குருவி மடிக்க நான் சொல்லித்தர மாட்டேன். லீனா யசோவிடம் வீடியோவில் கேட்டு ஏற்கெனவே பழகிவிட்டாள், உன் பெண்சாதியிடம் கேட்டுப் படி. அதில் ஒரு வெட்கம் இருந்தால் அந்த வெட்கம் உனக்கு வேண்டும்.

நீ வராவிட்டால் வேறு ஒருவரையும் படலையில் கைவைக்க விடமாட்டேன். இராசம்மா கட்டித் தருகிறேன் என்று கேட்டுவிட்டாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். யசோ அழட்டும், சம்பந்தி அம்மா வானுக்குள்ளேயே இருக்கட்டும். படலை வெறுமையாகவே நிற்கும். ஓலை இல்லை, வாழை இல்லை, ஒரு நூல்கூட இல்லை. ஊர்ச் சனம் வந்து, "என்னக்கா, கலியாண வீட்டில படலை வெறுமையாக் கிடக்கு?" என்று கேட்கத்தான் போகிறது. என் மகன் டென்மார்க்கிலிருந்து சோடித்த படலை இதுதான் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லுவேன்.

அம்மா